பேரனின் பிரேக் கட்டையும் ஒரு கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட்டும்

புதுச்சேரி அரசாங்கத்தில் முப்பத்து மூன்று வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். அதில் பெரும்பகுதி ஸ்டோர்ஸ் பிரிவு. அந்த வருடங்களில் நான் தயாரித்த தாள்களில் பாதிக்கு மேல் 'கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட்'தான். நாலு கம்பெனியிடம் விலைப்புள்ளி வாங்கு, கோடு போட்ட பெரிய தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுது, குறைந்த விலைக்காரனுக்கு மேலே சிவப்பு மையில் எல்-1 என்று போடு, மேலதிகாரி கையெழுத்துக்கு வை. ஓய்வு பெற்ற பிறகு இந்தத் திறமைக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட மனைவி என்னை ஒப்பிட விடுவதில்லை.

போன வருடம் பிரான்சில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது அந்த வேலை திரும்பக் கிடைத்தது. பொருள்: பிரேக் கட்டை. வண்டி: பதினைந்து வயதுப் பேரனின் டிரயல் சைக்கிள்.

டிரயல் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அங்கே போன பிறகுதான் தெரியும். பிரெஞ்சில் 'த்ரியால்' என்பார்கள். இது வேகப் போட்டி கிடையாது. பாறை, மரக்கட்டை, சிமெண்டுக் குழாய், அடுக்கிய பலகை, இவற்றின் மேல் கால் ஊன்றாமல் சைக்கிளிலேயே ஏறி இறங்க வேண்டும். கால் தரையில் பட்டால் மதிப்பெண் போச்சு. மோட்டார் சைக்கிளில் இந்த விளையாட்டு நூறு வருடத்துக்கு மேல் பழையது. ஸ்காட்லாந்தில் ஆறு நாள் டிரயல் முதல் உலகப் போருக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. சைக்கிளுக்கு வந்தது 1970களில், ஸ்பெயினின் கத்தலோனியாவில். மொந்தேசா மோட்டார் சைக்கிள் கம்பெனியோடு தொடர்புடைய பெரே பி என்பவர் பிள்ளைகளுக்காகச் சைக்கிளில் இதைக் கொண்டுவந்தார். அவர் மகன் ஓட் பி பிற்பாடு உலக சாம்பியனே ஆனார். பிரான்சிலும் இதற்கு நல்ல செல்வாக்கு உண்டு. ஊருக்கு ஊர் கிளப் வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள்.

அந்தச் சைக்கிளை முதலில் பார்த்தபோது ஏதோ பாகம் தொலைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சீட்டே கிடையாது. ஓட்டுகிறவன் உட்காரப் போவதில்லை, எதற்குச் சீட்டு? ஒரே கியர். நம் சைக்கிளில் 'கிர்ர்' என்று சத்தம் போடும் ஃப்ரீவீல் பின் சக்கரத்தில் இருக்கும். இதில் அது முன்னால், பெடல் பக்கம் இருக்கிறது. தூக்கினால் ஒரு பச்சரிசி மூட்டை அளவுகூட இல்லை, பத்து கிலோவுக்குள்தான்.

பையன் அதில் பின் சக்கரத்தை மட்டும் ஊன்றி, முன் சக்கரத்தை ஆட்டுக்கிடா போலத் தூக்கிக்கொண்டு, மேஜை உயரப் பாறையின் விளிம்பில் தத்தித் தத்தி நிற்பான். என் மனைவி ஒரே ஒரு முறை பார்த்தாள். அதன் பிறகு அவன் பயிற்சிக்குப் போகும் நேரத்தில் சாமி விளக்கைத் தூண்டிவிட ஆரம்பித்தாள்.

நான் போவதற்கு மூன்று வாரம் முன்னால் அவன் விழுந்திருந்தான். தூறல் நாள். பாறை விளிம்பில் பின் சக்கரத்தில் நிற்கும்போது பிரேக் வழுக்கிச் சக்கரம் பின்னால் உருண்டுவிட்டது. முழங்காலுக்குக் கீழே எட்டுத் தையல். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மற்ற பிள்ளைகளுக்குத் தையல் போடும்போது கை நடுங்காதவள், இவன் காலைப் பார்த்து ஆடிப்போய்விட்டாள். "இன்னொரு தடவை இது வழுக்கினா சைக்கிளை வித்துடுவேன்" என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை நல்ல மனிதர், இரண்டு பக்கமும் தலையாட்டுவார். பேரன் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். அடுத்த மாதம் கிளப்பில் போட்டி.

அவனைக் கேட்டால் குறை பிரேக் கட்டையில் என்றான். எந்தக் கட்டை நல்லது என்று கேட்டேன். அங்கேதான் சிக்கல். கிளப்பில் நாலு பேர் நாலு விதம் சொல்கிறார்கள். ஒருவன் கடினமானதுதான் நல்லது என்கிறான், ஒருவன் மெத்தென்று இருக்க வேண்டும் என்கிறான், மூன்றாமவன் தார் பூசினால் போதும் என்கிறான், நாலாமவன் டிஸ்க் பிரேக்குக்கு மாறு என்கிறான். இப்படி நாலு பேர் நாலு விதம் சொல்லும் விஷயத்துக்குத்தானே ஸ்டேட்மென்ட்? "கட்டைகளை நான் வாங்கித் தருகிறேன், ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வோம்" என்றேன். பென்ஷன் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

கடைக்குப் போனோம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அட்டைகள். இங்கேதான் என் பிரெஞ்சு மீடியம் படிப்பு கைகொடுத்தது. அறுபது வருடத்துக்கு முன்னால் புதுச்சேரியில் வினைச்சொல் மனப்பாடம் செய்து பிரம்படி வாங்கியது லியோனுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையில் பயன்படும் என்று யார் கண்டார்கள்? டிஸ்க்குக்கு வரும் கட்டையை 'பிளாக்கெத்' என்கிறார்கள். சக்கரத்தின் ரிம்மைப் பிடிக்கும் கட்டை 'பத்தேன்'. பனிச்சறுக்குக் காலணிக்கும் அதே பெயர்தான்! வழுக்குவதற்கும் வழுக்காமல் இருப்பதற்கும் ஒரே சொல்.

ஓர் அட்டையில் 'மெத்தால் ஃப்ரித்தே' என்று போட்டிருந்தது. கூட வந்த என் மனைவிக்குப் பிரெஞ்சு காதால் மட்டும் தெரியும். "என்னங்க, இரும்பைப் பொரிச்சு வச்சிருக்கானா?" என்றாள். அங்கே உருளைக்கிழங்கு வறுவலுக்கு 'ஃப்ரித்' என்று பெயர். உண்மையில் அவள் சொன்னது வெகுதூரம் விலகிப் போகவில்லை. செம்பு, வெண்கலம் போன்ற உலோகங்களைப் பொடியாக்கி, அச்சில் அழுத்தி, உருகும் நிலைக்குக் கொஞ்சம் கீழே சூடாக்கி ஒட்ட வைப்பதுதான் அது. நம் ஊரில் 'சின்டர்டு' என்பார்கள். இன்னொரு வகை 'ஆர்கானிக்' அல்லது ரெசின். பெயரைப் பார்த்து இயற்கை உரம் போட்டு வளர்த்தது என்று நினைக்க வேண்டாம். அராமிட் நார், கார்பன், ரப்பர்த் தூள் போன்றவற்றை ஒரு பிசினில் குழைத்து இறுக்கியது.

அட்டைகளின் பின்பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். உழைப்புக்கு இத்தனை, சத்தமின்மைக்கு இத்தனை, 'மோர்தான்' இத்தனை என்று. மோர்தான் என்றால் கடிக்கும் தன்மை. சாயத் தொழிலிலும் இந்தச் சொல் உண்டு. நம் சோழமண்டலக் கரையில் சாயவேரில் சிவப்பு ஏற்றும்போது துணியில் முதலில் படிகாரம் ஏற்றுவார்களே, அந்தப் படிகாரத்துக்கும் பிரெஞ்சில் மோர்தான்தான். சாயம் துணியைக் கடித்துப் பிடிக்கிறதாம். தமிழிலும் சாயம் 'பிடிக்கிறது', பிரேக் 'பிடிக்கிறது' என்றுதானே சொல்கிறோம்?

நட்சத்திரங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கோடு போட்டு, பத்திகள் பிரித்து, பேரனிடம் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு ஒன்று சொன்னான்: "தாத்தா, இதெல்லாம் மலையிலேர்ந்து இறங்குறவங்களுக்கு."

அது என்னை யோசிக்க வைத்தது. பிரேக் என்றால் ஓடும் வண்டியை நிறுத்துவது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸின் பிரேக், வேகத்தைச் சூடாக மாற்றிக் காற்றில் விடுகிறது. அங்கே கவலை சூடுதான். சூடு ஏறினால் கட்டை பிடிப்பை இழக்கும். அதனால்தான் வேகமாக இறங்குகிறவர்கள் உலோகப் பொடிக் கட்டையை விரும்புகிறார்கள். அது சூட்டைத் தாங்கும், சேற்றிலும் மழையிலும் சீக்கிரம் தேயாது. ஆனால் ஆறிய நிலையில் அதன் கடி கொஞ்சம் மந்தம். சூடு ஏறிய பிறகுதான் முழுப் பலம் காட்டும்.

டிரயலில் வண்டி ஓடுவதே இல்லை. நடக்கும் வேகம்கூட இல்லை. கட்டைக்குச் சூடு ஏற வழியே கிடையாது. அங்கே பிரேக்கின் வேலை, நிற்கும் சக்கரத்தை நின்றபடியே வைத்திருப்பது. பையனின் மொத்த எடையும் பின் சக்கரத்தில். ஒரு விரல் பிரேக் லீவரில். சக்கரம் முன்னாலும் உருளக் கூடாது, பின்னாலும் உருளக் கூடாது. ஓர் அங்குலம் நகர்ந்தால் ஆள் கீழே. மலையில் இறங்குகிறவனுக்கு ஐந்து நட்சத்திரமாக இருப்பது இவனுக்கு இரண்டு நட்சத்திரமாக இருக்கலாம். எந்த வேலைக்கு என்ற பத்தி இல்லாத ஸ்டேட்மென்ட் வெறும் தாள்.

ஸ்டோர்ஸ் பிரிவில் இதை நான் வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன். 1980களில் இலாகா வண்டிகளுக்குப் பிரேக் லைனிங் வாங்குவோம். மேலிருந்து வந்த படிவத்தில் அளவு, விலை, சப்ளை நாள், மூன்றே பத்திகள். அந்த லைனிங்கில் கல்நார் இருக்கும். 1897-ல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் குதிரை வண்டிகளுக்குப் பிரேக் கட்டை செய்து தொடங்கிய தொழில், பிற்காலத்தில் மோட்டார் வந்தபோது கல்நார் லைனிங்காக உலகம் முழுக்கப் பரவியது. சூட்டைத் தாங்கும், விலை மலிவு. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்குகள் டிரம்மைக் கழற்றி, உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதித் தள்ளுவார்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று கேட்க எங்கள் படிவத்தில் பத்தி கிடையாது. பிரான்சில் 1997 முதல் கல்நாரைத் தடை செய்தார்கள். இன்றைக்குச் சைக்கிள் கட்டையில் அது கிடையாது. என்றாலும் எந்த ஒப்பீட்டைப் பார்த்தாலும், இல்லாத பத்தி எது என்று முதலில் தேடும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது பேரன் சைக்கிளுக்கு வருகிறேன். முன் சக்கரத்தில் டிஸ்க், பின் சக்கரத்தில் ரிம் பிரேக். இது பழைய ஏற்பாடு போலத் தெரிந்தாலும் டிரயல்காரர்களில் பலர் இன்னும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். பின்னால் இருப்பது ஜெர்மனியின் மகுரா கம்பெனியின் எண்ணெய் அழுத்த பிரேக். கம்பி இழுப்பதற்குப் பதிலாக எண்ணெய் தள்ளுகிறது. காரணம் எளிது. கதவைக் கீல் பக்கம் பிடித்து நிறுத்திப் பாருங்கள், கை வலிக்கும். கைப்பிடிப் பக்கம் பிடித்தால் ஒரு விரல் போதும். டிஸ்க் சக்கரத்தின் நடுவில், கீல் பக்கத்தில் இருக்கிறது. ரிம் வெளி விளிம்பில் இருக்கிறது.

ஆனால் ரிம் வழவழப்பான அலுமினியம். அதனால் இவர்கள் செய்யும் காரியம், நம் ஊர் சைக்கிள் கடைக்காரர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். புது ரிம்மின் பக்கவாட்டில் கிரைண்டர் மிஷினை வைத்துக் கீறல் கீறலாகச் சொரசொரப்பாக்குகிறார்கள். அம்மி கொத்துகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்து மழுங்கினால் அம்மியில் மிளகாய் வழுக்கும் அல்லவா? அதேபோல இந்தக் கீறலும் நாளாவட்டத்தில் மழுங்கும். மறுபடி கொத்த வேண்டும். கொத்தக் கொத்த ரிம் மெலியும். ஒரு நாள் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பேரனின் ரிம்மைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கீறல் தேய்ந்து பளபளவென்று இருந்தது. கட்டையோ சைக்கிளோடு வந்த கறுப்புக் கட்டை. வழுக்கியதற்குக் கட்டையை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பயிற்சியாளரிடம் சைக்கிளைக் கொண்டுபோய்ப் புதிதாகக் கொத்திக்கொண்டு வந்தோம். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் செய்து கொடுத்தார்.

அடுத்து, சோதனை. கடை அட்டையின் நட்சத்திரம் உதவாது என்று தெரிந்துவிட்டதால் நாங்களே அளக்க முடிவு செய்தோம். ஊறுகாயும் அப்பளமும் சுமந்து வெளிநாடு போகும் எல்லா வீட்டிலும் பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு ஒன்று இருக்கும். அதைப் பிரேக் லீவரில் மாட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே எடைக்கு இழுப்பது என் வேலை. சைக்கிளை கராஜில் பின் சக்கரம் தரையில் படாமல் கட்டி வைத்தோம். டயரைச் சுற்றிப் பட்டை கட்டி, சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு துணிப்பை தொங்கவிட்டு, அதில் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் போடுவது பேரன் வேலை. எத்தனையாவது பாட்டிலில் சக்கரம் வழுக்குகிறது என்று பார்க்க வேண்டும். ஐ.ஐ.டி.காரர்கள் சிரிக்கலாம். எல்லாக் கட்டைக்கும் ஒரே அளவுகோல், அதுதான் எனக்கு வேண்டியது.

வேலை பாதியில் மகள் டியூட்டி முடிந்து வந்தாள். கராஜ் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எல்லாம் சரிப்பா. மழை பெஞ்சா?"

இல்லாத பத்தி அதுதான். அவன் விழுந்தது தூறலில். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துவரச் சொல்லி, எல்லாவற்றையும் ஈரத்தில் மறுபடி ஆரம்பித்தோம். அன்றைக்கு மதியச் சாப்பாடு மாலை ஐந்து மணிக்கு.

எங்கள் முடிவுகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, பழைய கறுப்புக் கட்டை. புதிதாகக் கொத்திய ரிம்மில் அது நன்றாகவே பிடித்தது. ஆனால் சில தடவை இழுப்பதற்குள் தேங்காய் துருவியது போலக் கறுப்புத் தூள் கொட்ட ஆரம்பித்தது. அது வழவழப்பான ரிம்முக்காகச் செய்த கலவை. கொத்திய ரிம்மில் நாலு நாள் தாங்காது.

இரண்டாவது, பாலியூரித்தேன் கட்டை, கடினமானது. செருப்பின் அடிப்பாகம் போல இருக்கும். இந்த விளையாட்டுக்கென்றே செய்வது. காய்ந்த ரிம்மில் உறுதி. ஈரத்தில் கொஞ்சம் குறைந்தது. தேய்மானம் கண்ணுக்கே தெரியவில்லை.

மூன்றாவது, அதே பாலியூரித்தேன், கொஞ்சம் மெத்தென்ற வகை, அலுமினியத் தகட்டில் ஒட்டியது. பிளாஸ்டிக் தகடு அழுத்தத்தில் வளையும், அலுமினியம் வளையாது. விரலில் கொடுக்கும் பலம் வீணாகாமல் ரிம்முக்குப் போகிறது. ஈரத்தில் எல்லாவற்றையும்விட இதுதான் நன்றாகப் பிடித்தது. சீக்கிரம் தேயும், விலையும் அதிகம்.

நாலாவது, தார். கிளப் நண்பன் ஒருவனின் சக்கரத்தை இரவல் வாங்கினோம். கொத்தாத வழவழப்பான ரிம், அதில் கூரைக்குப் பூசும் தாரை லேசாகத் தேய்த்திருந்தான். காய்ந்த நிலையில் பாட்டில் போட்டுக்கொண்டே இருந்தோம், சக்கரம் அசையவில்லை. பை கிழிந்துவிடும் போல இருந்தது. மூன்று பேரும் வாயைப் பிளந்தோம். ஆக, பிடிப்பிலும் முதலிடம், விலையிலும் மலிவு. ஒரு டின் தார் ஆயுசுக்கும் வரும். என் சிவப்பு மைப் பேனா எல்-1 போடத் துடித்தது.

பிறகு தண்ணீர் தெளித்தோம். இரண்டாவது பாட்டிலிலேயே சக்கரம் சுற்றிவிட்டது.

மகள் என்னைப் பார்த்தாள், நான் மகளைப் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை.

தாருக்கு இன்னொரு குறையும் உண்டு என்று பேரன் சொன்னான். இது என் தராசில் தெரியாத விஷயம். டிரயலில் பிரேக் பிடித்தால் மட்டும் போதாது. விட்ட கணத்தில் விட வேண்டும். ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குத் தாவும்போது விரலை எடுத்து, பெடலை ஒரு மிதி மிதித்து, தாவி, சக்கரம் அங்கே படும் அதே கணத்தில் மறுபடி பிடிக்க வேண்டும். எல்லாம் கண் இமைக்கும் நேரம். தார் பூசியது விடும்போது ஒட்டிக்கொண்டே விடும். அந்த ஒரு சிணுக்கலில் தாவல் குறைந்து போகும். சொல்லிவிட்டு மூன்றாவது கட்டையை மாட்டித் தெருவில் இரண்டு தாவு தாவிக் காட்டினான். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "தாத்தா, இது பிடிக்குது" என்றான். கட்டை பிடிக்கிறது என்றானா, தனக்குப் பிடித்திருக்கிறது என்றானா, தெரியவில்லை. இரண்டும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

முன்பக்க டிஸ்க்குக்கு அதிகம் யோசிக்கவில்லை. ஆறிய நிலையில் கடிக்க வேண்டும் என்பதால் ரெசின் கட்டை. சேற்றில் சீக்கிரம் தேயும், பரவாயில்லை. புதுக் கட்டையைப் போட்டவுடன் பாறைக்குப் போகக் கூடாது என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். சமதரையில் கொஞ்சம் வேகமெடுத்து மெல்ல மெல்லப் பிடித்து விட வேண்டும், இருபது முப்பது தடவை. கட்டையின் மெல்லிய பூச்சு ஒன்று டிஸ்க்கின் மேல் ஏறுகிறது. அதன் பிறகு கட்டை பிடிப்பது அந்தப் பூச்சைத்தான். துணியில் முதலில் படிகாரம், பிறகு சாயம். இங்கேயும் அதே கணக்கு.

எண்ணெய்ப் பசை இதற்குப் பரம எதிரி. கட்டையில் நுண்ணிய துளைகள் உண்டு, உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தடவை நன்றாக ஊறிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். பாட்டி சுட்ட முறுக்கைத் தின்றுவிட்டு அப்படியே வந்து டிஸ்க்கைத் தொடப் போனவனின் கையைத் தட்டிவிட்டேன். இன்னொன்று: பின்பக்க மகுரா பிரேக்குக்கு மினரல் எண்ணெய், அவனுடைய முன்பக்க டிஸ்க்குக்கு டாட் திரவம். ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் கெட்டுவிடும். இரண்டு பாட்டிலிலும் பெரிய எழுத்தில் தமிழில் 'முன்', 'பின்' என்று எழுதி ஒட்டினேன். அவனுக்கு அந்த இரண்டு சொல்லும் படிக்க வந்துவிட்டது.

ஸ்டேட்மென்ட்டை முறைப்படி எழுதி முடித்தேன். அரசாங்க டெண்டர் விளம்பரத்தின் கடைசியில் ஒரு வரி வரும், கவனித்திருப்பீர்கள்: குறைந்த விலைப்புள்ளியை ஏற்க வேண்டிய கட்டாயம் இலாகாவுக்கு இல்லை என்று. சர்வீஸில் அந்த வரியைத் தைரியமாகப் பயன்படுத்திய அதிகாரிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆடிட் கேள்வி வரும் என்ற பயம். நான் எழுதினேன்: "எண் 4 விலையிலும் காய்ந்த பிடிப்பிலும் முதலாவது. ஈரத்தில் தோற்றதாலும், விடுவதில் தாமதத்தாலும் நிராகரிக்கப்படுகிறது. எண் 3 பரிந்துரைக்கப்படுகிறது." கீழே மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டேன். பேரன் போட்டான். மாப்பிள்ளை படிக்காமலே போட்டார். மகள் முழுதும் படித்தாள். ஈரம் என்ற பத்தியில் விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். பிறகு போட்டாள்.

போட்டி நாளில் மழை இல்லை, ஆனால் காலைப் பனியில் பாறையெல்லாம் நனைந்திருந்தது. அவன் பரிசு ஒன்றும் வாங்கவில்லை. மரக்கட்டையில் இரண்டு முறை கால் ஊன்றினான். ஆனால் பாறையில் பின் சக்கரத்தில் ஏறி நின்றபோது சக்கரம் ஆணி அடித்ததுபோல நின்றது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிடித்த பிடிக்கு ஐந்து நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கண்ணை மூடவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சைக்கிள் இன்றுவரை விற்கப்படவில்லை. ரிம்மை மறுபடி கொத்த வேண்டிய தேதியை அவளே சமையலறைக் காலண்டரில் குறித்து வைக்கிறாளாம்.

படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரிம்மைக் கொத்துவதும் தார் பூசுவதும் அந்த விளையாட்டோடு போகட்டும். ரோட்டில் ஓடும் சைக்கிளில் செய்தால் சக்கரம் சட்டென்று நின்று ஆளைத் தூக்கி எறிந்துவிடும். நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் சைக்கிளுக்குச் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. ஐப்பசி பிறப்பதற்குள் பிரேக் கட்டையை ஒரு தடவை குனிந்து பாருங்கள். கட்டையின் வரிப்பள்ளம் மறைந்து மழமழவென்று ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். ரிம்மில் எண்ணெய்ப் பசை இருந்தால் துடையுங்கள். பிறகு ஒரு குவளைத் தண்ணீரை ரிம்மின் மேல் ஊற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். காய்ந்த ரிம்மில் எல்லாக் கட்டையும் பிடிக்கும்.